பதினேழாம் நம்பர் தலையணை உறை

சனிக்கிழமை காலையில் ஹட்டன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் விடுதியின் முப்பத்திரண்டு தலையணை உறைகளையும் கல்லில் அடித்துத் துவைப்பது மேட்ரன் இசபெல்லின் வேலை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தந்தப் பிள்ளையின் நம்பர் சிவப்பு நூலில் தைத்திருக்கும். அன்று பதினேழில் கறுப்பாக ஒரு தீற்றல். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். பரவியதே தவிரப் போகவில்லை. விரலில் ஒட்டியதை முகர்ந்தாள். கண் மை இல்லை. படம் வரையும் கரி.

கரி என்றால் வில்லங்கம். போன வருடம் ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து வரைந்து இரண்டு புது மெத்தைகளைப் பாழாக்கினாள். அதற்குப் பிறகு விடுதிக்குப் பொறுப்பான வாடன் ஜெயந்தினி மிஸ் எல்லாரையும் சாப்பாட்டு மண்டபத்தில் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: "இனிமே படுக்கிற அறையில கரியைக் கண்டா, அந்தப் பிள்ள பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

சித்திர அறையோ நாலு மணிக்கெல்லாம் பூட்டிவிடும். சித்திரம் படிப்பிக்கும் ஜீவராஜ் சேருக்குத் தலவாக்கலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பதினேழாம் நம்பர் சுலக்ஷனாவுக்கு உயர்தரச் சித்திரச் செய்முறைப் பரீட்சை இன்னும் ஏழே வாரத்தில். வீடு அக்கரப்பத்தனைக்கும் அப்பால் ஒரு தோட்டத்தில். அங்கிருந்து தினமும் ஹட்டனுக்கு வந்து போவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

வாடனிடம் போய்ச் சொல்லிவிட்டு இசபெல் தன் பாட்டில் இருந்திருக்கலாம். சொல்ல வேண்டியது அவள் கடமையும்கூட. ஆனால் எதையும் துருவிப் பார்க்காமல் விட அவளுக்குத் தெரியாது. வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட எண்ணெயோடு வாசிப்பவள். திம்புள்ளப் பக்கத்தில் பதினொரு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில், "கையைவிட வாய் வேகமா ஓடுதே" என்று கங்காணியிடம் வாங்கிக் கட்டியிருக்கிறாள். பொல்பிட்டியவில் காவல் வேலை பார்க்கும் கணவர் அலோசியஸ், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால், மனிதர் தேத்தண்ணியை ஆற்றிக் குடிப்பதற்குள் இருபது கேள்வி.

அப்படிப்பட்டவள் பதினேழாம் கட்டிலின் மெத்தையைத் தூக்கிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

அடியில் மடிக்காத ஒரு பெரிய தாள். துவைக்கிற கல்லுக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஒரு பொம்பளை, முதுகு மட்டும். இடது தோள் வலதைவிட நாலு விரல் தாழ்ந்திருந்தது. சுவெட்டரின் கிழிசலில் ஊசி குத்தியிருந்தது. இசபெல் கையைப் பின்னால் வளைத்துத் தன் சுவெட்டரைத் தடவினாள். ஊசி இருந்தது.

தாளோடு குளியலறைக்குப் போனாள். அங்கிருந்த கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, பிள்ளைகளின் கைக்கண்ணாடியை முகத்துக்கு முன்னால் பிடித்தாள். அப்படியும் இப்படியும் திருப்பினாள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகத் தன் முதுகைப் பார்த்தாள். கொழுந்துச் சாக்கை எப்போதும் இடது தோளில்தான் போட்டுக்கொண்டு போவாள். அது இப்படி இழுத்துவிட்டதா? அலோசியஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

"ஆன்ட்டி, அழகிப் போட்டிக்கா போறீங்க?"

வாசலில் சுலக்ஷனா. அடுத்த நொடி, சுவரில் சாய்த்திருந்த தாளைக் கண்டு அவள் முகம் செத்துப்போனது.

"வாய மூடு. மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. ஏன் முதுகு?"

"முன்னாடி நின்னா நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்க. அந்த வாய வரைய முடியாது ஆன்ட்டி."

"திமிரு. ஏன் நானு?"

சுலக்ஷனா அறைக்குத் திரும்பிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொழுந்து பறிக்கிறவரை வரையச் சொல்லியிருந்தாராம் சேர். வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மா மலையில் கொழுந்து பறிக்கிறவர். பன்னிரண்டு பேரும் வரைந்தது தேயிலை டின்னில் இருக்கிற பொம்பளையை. பூ வைத்து, பட்டுச் சேலை கட்டி, பல் தெரியச் சிரிக்கிறவள்.

"ஒருத்தி கூடவா இடுப்புல படங்குச் சாக்கு கட்டல்ல?"

"ஒருத்தியும் இல்ல. சேர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'உங்கம்மாமாரு எந்த மலையில இப்படி நிக்கிறாங்க'ன்னு கேட்டாரு. அம்மாவ நெனச்சு வரைஞ்சு பாத்தேன். மூஞ்சிதான் வருது, நிக்கிற நிலை வரல்ல. உங்களத்தான் தினமும் பாக்கிறேன்." குரல் இறங்கியது. "வாடன் மிஸ்கிட்ட சொல்லிருவீங்களா?"

"மிச்சத்த சித்திர அறையில வச்சு வரை. கரி எல்லாத்தையும் எங்கிட்ட குடு."

கறை போகாத உறையை வாளியின் அடியில் போட்டாள். தாளைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை பார்க்கலாமே என்று துணி அறையில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் சொருகிவைத்ததுதான் பிசகு.

மத்தியானம் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விரிப்பு எடுக்க வாடனே வந்துவிட்டார். தண்ணீர் வாளியோடு அங்கே நின்ற இசபெல்லின் கண் முன்னாலேயே தாள் தரையில் விழுந்தது.

"கரி!" ஜெயந்தினி மிஸ் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் பெயர் இல்லை. "யாரு வரைஞ்சது இசபெல்? நீங்கதானே மெத்தையெல்லாம் தட்டுறீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

இசபெல் வாளிக்குள் பார்த்தாள். சிவப்பு நூலில் பதினேழு தண்ணீரில் ஆடியது. மேலே ஒரு துண்டை அமுக்கினாள்.

"நம்ம பிள்ளைகளில ஒருத்திதான்." மிஸ் தாளை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். குரலில் கோபம் கொஞ்சம் தணிந்தது. "நல்லாத்தான் வரைஞ்சிருக்கா… யாரு இந்தப் பொம்பளை? எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே."

இசபெல் வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். தோள் தன் பாட்டில் இறங்கியது. அதை நேராக்க வேண்டும் என்று தோன்றியது, நேராக்கவில்லை. மிஸ் பார்க்கட்டும்.

"இசபெல், கொஞ்சம் நில்லுங்க. இது நீங்களா?"

வாளி ததும்பியது. அவள் கல்லுக்குப் போகும் படியில் இறங்கினாள்.