இரும்பை நீங்கள் கொண்டு வாருங்கள்

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு உலகம் இரண்டு தொழில்களைக் கொடுக்கும். கொஞ்சம் மூளை உள்ளவர்கள் பொருள் சேகரிக்க ஒன்றும், பொருள் செய்ய ஒன்றும் எடுப்பார்கள். சுரங்கம் வெட்டினால் இரும்பு கிடைக்கும், கொல்லன் ஆனால் அதை வாளாக அடிக்கலாம். மூலிகை பறித்தால் மருந்து காய்ச்சலாம். இதைப் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்க விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கொல்லர், நகைத்தொழில் என்று இரண்டையும் டக் டக்கென்று அமுக்கிவிட்டாள். இரண்டுமே செய்கிற தொழில். அரைக் கிலோ இரும்பு கிடைக்கவும் வழியில்லை.

பெரியம்மா துணி ஆல்ட்டர் செய்கிறவள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, சட்டைக் காலரைத் திருப்பித் தைப்பது. கடையின் பின்பக்கம் உடை போட்டுப் பார்க்கும் அறையில், நிலைக்கண்ணாடிக்கு எதிரே, பெரியம்மாவின் மகள், என் அக்கா, விட்டுப்போன கம்ப்யூட்டர் இருந்தது. திரைச்சீலையை இழுத்தால் அதுதான் எங்கள் மாய உலகம்.

"தையலையே எடுத்திருக்கலாம்ல பெரியம்மா. தெரிஞ்ச வேலை."

"நாள் பூரா ஊசியில நூல் கோக்குறேன். அங்க போயும் கோக்கணுமா? நான் சுத்தியல் பிடிக்கப் போறேன்."

"சரி, பிடி. இரும்பு யாரு தருவா?"

"என்னடி கேள்வி இது. தைக்கக் குடுக்கறவங்கதானே துணி கொண்டு வரணும்?"

நான் நிலைக்கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். கணக்கில் தோற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கே இது தப்பு என்று தெரிந்தது.

வேறு யாராவது என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் பெரியம்மா விளையாட வந்தது பொழுது போகாததால் அல்ல. அக்கா வேலைக்காக வேறு ஊருக்குப் போனதிலிருந்து அவர்கள் போனில் பேசுவது இவ்வளவுதான்: சாப்டியா, சாப்டேன், சரி வெச்சிடறேன். அதே அக்கா சாயங்காலமானால் இந்த விளையாட்டில் தன் குழுவோடு மணிக்கணக்கில் வாயடிப்பாள். அது தெரிந்த அன்றே பெரியம்மா நானும் வருகிறேன் என்று நின்றாள். அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"எங்க குழுவுல சும்மா சேர்க்க மாட்டாங்கம்மா. ஏதாவது ஒரு தொழில்ல கைதேர்ந்தவர்னு பட்டம் வாங்கணும். மாசக் கடைசியில கோட்டைக்குள்ள போறோம். அதுக்கப்புறம் புது ஆளே எடுக்கறதில்ல."

பட்டம் வேண்டுமென்றால் பொருள் செய்துகொண்டே இருக்க வேண்டும். செய்ய இரும்பு வேண்டும். தொழிலை மாற்றலாம் என்றால் அடுத்த மாதம்வரை புதுத் தொழில் கிடையாது. பெரியம்மா கையில் சுத்தியலோடு பட்டறை வாசலில் அநாதைபோல நின்றாள். பட்டன்ராணி என்று நான் வைத்த பெயர் தலைக்கு மேலே பளபளத்தது.

"விட்டுடு பெரியம்மா. வேற ஆளா புதுசா ஆரம்பிக்கலாம்."

"நீ தள்ளி உக்காரு. கடைன்னா போர்டு வேணும்."

ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சந்தைச் சதுக்கத்தில் எழுதினாள்: இரும்பை நீங்கள் கொண்டு வாருங்கள். அடித்துத் தருகிறேன். கூலி வேண்டாம். மிச்சத் துண்டு எனக்கு.

இப்படி யாரும் கேட்டதில்லை. எல்லாரும் தாங்களே வெட்டி, தாங்களே அடித்துக்கொள்கிறவர்கள். இரும்புத் திருடி என்று ஒருவன் எழுதினான். இன்னொருவன் கழுதைப் படம் போட்டான். பெரியம்மா அசையவில்லை. வாடிக்கையாளர் இல்லாத கடையில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதிதல்ல.

கடைசியில் கரடித்தலைக் கவசம் போட்ட ஒருவன் வந்தான். இரும்பு மூட்டையை இறக்கினான். "ஒரு வாள். எப்ப கிடைக்கும்?"

அந்த உலகில் வாள் அடிக்கக் கண் சிமிட்டும் நேரம் போதும். ஆனால் பெரியம்மாவின் ஒற்றை விரல் கடைப் பழக்கத்தில் அதுபாட்டுக்குத் தட்டிவிட்டது.

"செவ்வாய்க்கிழமை வா தம்பி."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவன் போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நாள் சொல்லி வரச் சொல்கிற அளவுக்கு வேலை குவிந்திருக்கிற கொல்லர் என்றால் சாதாரண ஆளாகவா இருக்கும்? மறுநாள் பட்டறை வாசலில் வரிசை நின்றது. இரும்பு மூட்டைகளோடு பூதங்களும் மந்திரவாதிகளும், நடந்தே வந்த ஒரு டிராகன் வேட்டைக்காரனும்.

"அவசரம்ங்க, நாளைக்குச் சண்டை இருக்கு."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. சரி, மூட்டையை அங்க வெச்சிட்டுப் போங்க."

பெரியம்மா அடித்தாள். மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் அடித்தாள். மிச்சத் துண்டுகளில் மோதிரம் செய்தாள், அதனால் நகைத்தொழிலும் தானாக ஏறியது. செய்கிற ஒவ்வொன்றிலும் செய்தவர் பட்டன்ராணி என்று விளையாட்டே பொறித்தது. எந்தத் தெருவில் யார் வாளை உருவினாலும் அதில் பெரியம்மாவின் பெயர். கைதேர்ந்தவர் பட்டம் விழுந்த அன்று பெரியம்மா எழுந்து போய் ஒரு பேன்ட்டுக்கு மடிப்பு வைத்துவிட்டு வந்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஏய் வாலு, யாருடி அந்தப் பட்டன்ராணி? எங்க தலைவரே வரிசையில நின்னிருக்கார். செவ்வாய்க்கிழமை வான்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். அவங்களை எப்படியாவது குழுவுக்கு இழுக்கணும்னு குதிக்கிறார்."

"தெரியலையேக்கா. பெரிய ஆளா இருப்பாங்க. திமிரு கொஞ்சம் ஜாஸ்தின்னு கேள்வி."

"அம்மா என்ன பண்றா? அந்தத் தொழில் கூத்தை விட்டாச்சா?"

"பாவம், ஏதோ தட்டிக்கிட்டிருக்கு."

செவ்வாய்க்கிழமை குழு மொத்தமும் பட்டறைக்கு வந்தது. பின்னால் நின்ற அக்காவைப் பெரியம்மாவுக்கு விரலால் காட்டினேன். தலைவர் தொண்டையைச் செருமினார். மைக்கில் மிகுந்த மரியாதையோடு, நீங்கள் எங்களோடு கோட்டைக்கு வர வேண்டும், என்ன நிபந்தனை என்றாலும் சரி என்றார். பெரியம்மா முதல்முறையாக மைக்கை ஆன் செய்தாள்.

"வர்றேன் தம்பி. பின்னாடி நீல அங்கி போட்டு நிக்கிறாளே, அவ பக்கத்துல எனக்கு இடம் போடுங்க."

நீல அங்கி அப்படியே உறைந்தது. "அம்மா?"

"என்ன அம்மா. இரும்பு கொண்டு வந்தியா? ஓசியில வாள் கேட்டு வந்திருக்க."

குழுவில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கில் இருமினார்கள். அழைப்புச் சீட்டு திரையில் விழுந்தது. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சம்மதம் என்பதை அமுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கதவு திறந்தது. வாள் அடிக்கத் தெரிந்த பெரியம்மாவுக்கு அதைச் சுழற்றத் தெரியாது. முதல் பூதம் கையை ஓங்கியதுமே தரையில் விழுந்தாள். அக்கா சண்டையை நடுவில் விட்டுவிட்டு ஓடி வந்து, உயிர் கொடுத்து எழுப்பித் தன் கேடயத்துக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"என்னை விட்டு நகராதம்மா."

"நகரல."

"நகர்றம்மா நீ."

பூதம் விழுந்தது. மற்றவர்கள் புதையலைப் பங்கு போட ஓடினார்கள். இவர்கள் இருவரும் அங்கேயே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அக்கா தன் மேனேஜரைப்பற்றி ஆரம்பித்தாள். அறையில் கூட இருப்பவள் குளியலறைக் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறாளாம். புதுச் செருப்பு காலைக் கடிக்கிறதாம். பெரியம்மா ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே வந்து கடையைப் பார்த்துக்கொண்டேன். உள்ளே பேச்சு ஓய்கிற வழியாக இல்லை.