பானுப்பிரியா கேட்ட லென்ஸ்

பானுப்பிரியா கேட்டது லென்ஸ். அவள் வீட்டுக்காரன் கோபி வாங்கி வந்தது கேமரா. இரண்டுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து அவள் எதிரில் கேட்டுவிடாதீர்கள். அவள் ஏற்கெனவே கொதித்துப்போய் இருக்கிறாள்.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலைச் சத்தம் நேராக உள்ளே வந்து விழுகிற ஒரு சின்ன ஸ்டூடியோ அவளுடையது. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வருஷக்கணக்காக எடுத்துத் தள்ளியவள். "மாப்ள, தோள்ல கைய போடுங்க", "சித்தி, கண்ண மூடாதீங்க", "எல்லாரும் இங்க பாருங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவள். மனிதர்களை நிற்கவைத்து எடுத்து எடுத்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஓடுகிறவர்களை எடுக்க வேண்டும், பாய்கிறவர்களை எடுக்க வேண்டும், யாரிடமும் சிரிக்கச் சொல்லாமல் எடுக்க வேண்டும். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பாரிவாக்கம் மைதானத்துக்குப் போய், அங்கே பயிற்சி செய்கிற பெண்கள் கபடி அணியைச் சும்மாவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அயனம்பாக்கத்தில் ஏரி பார்த்த அடுக்குமாடியில் ராகவன் என்று ஒருவர் இருந்தார். விளையாட்டுச் செய்தி போடுகிற ஒரு இணையதளத்தில் படங்களைத் தேர்ந்தெடுக்கிறவர். தன் மகள் பிறந்தநாளுக்கு பானுவைக் கூப்பிட்டிருந்தார். கேக் வெட்டின படங்களையெல்லாம் தள்ளிவிட்டு, பலூனைத் துரத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடின ஒரே ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "மேடம், நீங்க ஏன் கல்யாணம் எடுத்துட்டு இருக்கீங்க?" என்றார். பானுவுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

அவர் ஒரு வழியும் சொன்னார். பாரிவாக்கத்தில் மகளிர் கபடிப் போட்டி வருகிறது. உள்ளூர் அணியின் நிஷா மேல்தான் எல்லார் கண்ணும். இறுதி ஆட்டத்தை நன்றாக எடுத்துக் கொடுத்தால், வருகிற சீசன் முழுக்க அந்த இணையதளத்துக்கு எடுக்கிற வேலை பானுவுக்கு. அவ்வளவுதான் விஷயம். ஒரு சாயங்காலம் ஒழுங்காக எடுத்தால் போதும், கல்யாண மேடையிலிருந்து இறங்கிவிடலாம்.

ஆனால் அந்தச் சாயங்காலம் என்பதுதான் சிக்கல். காலை வெயிலில் எந்தக் கேமராவும் எடுத்துவிடும். விளக்கு வெளிச்சத்துக்கு வந்தால்தான் வண்டவாளம் தெரியும். நம் கண்ணுக்கு மைதானம் பளிச்சென்று இருக்கும், கேமராவுக்கோ அது பாதி இருட்டு. பாய்கிற பெண்ணை அசங்காமல் பிடிக்க, கண் சிமிட்டுகிற நேரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஷட்டர் திறந்திருக்கலாம். அதற்குள் வேண்டிய வெளிச்சம் உள்ளே வர, லென்ஸின் வாய் அகலமாகத் திறக்க வேண்டும். அப்படித் திறக்கிற லென்ஸைத்தான் தொழிலில் பாஸ்ட் லென்ஸ் என்பார்கள். அவளிடம் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது, கல்யாணப் பெண்ணின் முகத்தை எடுக்க வாங்கிய எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். நல்ல லென்ஸ், ஆனால் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டாது. தூரத்தையும் இழுத்து, வாயையும் அகலமாகத் திறக்கிற, எழுபதிலிருந்து இருநூறு மில்லிமீட்டர் வரை போகிற லென்ஸ் ஒன்று வாங்கினால் மைதானத்தில் எந்த மூலையையும் பிடிக்கலாம்.

லென்ஸ் மாட்டுகிற கேமராப் பெட்டியை, அதாவது பாடியை, மாற்றத் தேவையே இல்லை. பழைய பாடியில் மேல்பூச்சு உரிந்துபோயிருந்தாலும் இருட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் அதன் பொத்தான்கள் அவள் விரலுக்குத் தெரியும். ஓடுகிறவர்களை அது விடாமல் துரத்தும். இதையெல்லாம் கோபியிடம் ஒருமுறை இல்லை, பலமுறை சொல்லியிருந்தாள். அவனும் சோறு சாப்பிட்டுக்கொண்டே "உம் உம்" என்று தலையாட்டியிருந்தான். அந்தத் தலையாட்டலை நம்பினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

கோபி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவன். கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவன் ஆசையாகச் செய்வான், செய்வதெல்லாம் தப்பாகச் செய்வான். லென்ஸுக்கென்று அவள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் கைக்கு வந்த வாரம், அவளுக்கு ஆச்சரியம் கொடுக்கிறேன் பேர்வழி என்று அதை எடுத்துக்கொண்டு நேராக டவுனுக்குப் போனான். கடைக்காரரிடம் "உள்ளதுலயே பெரிசா ஒன்னு குடுங்க" என்றானாம். அவர் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பானு ஒரு வளைகாப்பு முடித்து வீட்டுக்குள் நுழைந்தால், தெருவே உள்ளே நிற்கிறது. சாமி படத்துக்கு முன்னால் பளபளவென்று ஒரு புது கேமரா. மாமியார் கெங்கம்மாள் அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பானு, எப்டி கீது? சர்ப்ரைஸ்!" என்றான் கோபி.

"லென்ஸ் எங்க மாமா?"

"அதான் மூஞ்சில மாட்டிகினு கீதே!"

மூஞ்சியில் மாட்டியிருந்தது பாடியோடு சும்மா வருகிற லென்ஸ். வாயைத் திறந்தால் ஜூஸ் உறிஞ்சுகிற குழல் அளவு. சரி, எண்பத்தைந்தையாவது இதில் போடலாம் என்று எடுத்து வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. அதே கம்பெனிதான், ஆனால் புது மாடலுக்கு மாட்டுகிற வளையமே வேறு. பெட்டியோடு வந்த புத்தகத்தில் பாடியின் குணத்தைப் படித்துப் பார்த்தாள். நிற்கிற மனிதனை மயிர்க்கால் தெரிய எடுக்கும், ஓடினால் திணறும். கல்யாணத்துக்கென்றே செய்த கேமரா. எதிலிருந்து தப்பிக்கப் பார்த்தாளோ, அதையே அவளுடைய பணத்தில் வாங்கி, பூவும் பொட்டும் வைத்து உட்கார வைத்திருக்கிறான். தெருக்காரர்கள் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். பெட்டி இருக்கிறது, பில் இருக்கிறது, ஒரு படம்கூட எடுக்கவில்லை. கடைக்காரப் பையன் கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தான். கைப்பிடி ரப்பரின் வரிகளுக்குள் சந்தனம். பிளாஷ் மாட்டுகிற இடுக்கில் குங்குமம் இறங்கிக் காய்ந்துபோயிருந்தது. வீட்டில் ஊசி வைத்துச் சுரண்டிப் பார்த்திருந்தாள், சுரண்டின தடமும் சேர்ந்து தெரிந்தது.

"மேடம், இதைப் புதுசுன்னு நான் யாருக்கு விக்கறது?" என்றான் அவன். குரலில் கிண்டல்கூட இல்லை.

"பூஜ தான் போட்டோம், யூஸே பண்ல."

"சந்தனம் வெச்சத எப்படி மேடம் திரும்ப வாங்கறது? நீங்களே சொல்லுங்க."

அவன் இடத்தில் இருந்தால் அவளும் வாங்கியிருக்க மாட்டாள். பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் மடியில் அந்தப் பெட்டி. இறக்கிவிடவும் முடியவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

அதற்குப்பிறகு வீட்டில் அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், நானும் அதைத்தான் சொல்கிறேன். கோபி தினமும் கம்பெனியிலிருந்து வந்து "எப்டி எடுக்குது?" என்று கேட்பான். அவளும் "நல்லா கீது" என்பாள். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அவனும் அந்தத் தைரியத்தில் கம்பெனி முழுக்கப் பறைசாற்றிவிட்டான்.

இறுதி ஆட்டத்தன்று பானு ஒரு கணக்குப் போட்டாள். புது கேமராவைப் பையில் எடுத்துப் போவது, எடுக்காமல் போனால் அவன் முகம் வாடும். கையில் பழைய பாடி, அதில் எண்பத்தைந்து. லென்ஸ் தூரத்தை இழுக்காது, அதனால் எதிரணி நிற்கிற கடைசிக் கோட்டுக்குப் பின்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வது. நிஷா ரெய்டு வந்தால் நேராகத் தன்னை நோக்கித்தான் வருவாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. முதல் பாதியில் விழுந்த படமெல்லாம் கத்தி மாதிரி கூர்மை. தொட்டுவிட்டுத் திரும்புகிற விரல், பறக்கிற பின்னல், இழுபடுகிற சட்டை, எல்லாம் அப்படியே நின்றன.

இரண்டாம் பாதியில் கோபி வந்து சேர்ந்தான். தனியாக வந்தானா? கம்பெனிக் கூட்டாளி பச்சையப்பனையும் இழுத்துக்கொண்டு வந்து, அவளுக்குச் சரியாகப் பின்னால், கயிற்றை ஒட்டி நின்றான்.

"இன்னா மாமே, புது கேமரா புது கேமரான்ன, உம் பொண்டாட்டி கைல பழய டப்பாதான கீது?" என்றான் பச்சையப்பன். சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள்.

"பானு! ஏ பானு! புதுச எடும்மா!" என்று கோபி கத்தினான்.

அவள் காதில் விழாதது மாதிரி இருந்தாள். ஆட்டம் கடைசி நிமிஷங்களில் இருந்தது, இரண்டு அணிக்கும் சம பாயிண்ட். நிஷா கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு ரெய்டுக்குத் தயாராகிறாள்.

"பானு, புதுச எடுன்றேன்ல!" மறுபடியும் குரல். இந்தத் தடவை அதில் அதட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. அவள் ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். கோபியின் முகம் செத்துப்போயிருந்தது. பாழாய்ப்போன மனசு, அந்த ஒரு நொடியில் இளகிவிட்டது. பழையதைத் தரையில் வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டாள்.

அப்போதுதான் நிஷா வந்தாள். எதிரணியில் இரண்டு பெண்கள் கைகோத்துச் சங்கிலியாக அவளை மடக்கி வந்தார்கள். நடுக்கோட்டுக்குத் திரும்ப வழியில்லை. நிஷா தரையை ஒரு உதை உதைத்து, அந்தச் சங்கிலிக்கு மேலே, அவர்கள் தலையைத் தாண்டி எழும்பினாள். மைதானமே இடிந்து விழுகிற மாதிரி கத்தியது. பானுவின் கையில் புது கேமரா இருந்தது. அது நிஷாவைத் தேடியது, விளக்கைப் பிடித்தது, விட்டது, மறுபடி தேடியது. அவள் அழுத்தினாள், அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள்.

திரையில் வந்தது ஒரு மஞ்சள் தீற்றல். அது நிஷாவின் சட்டை நிறம். முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை.

கோபி கயிற்றைத் தாண்டி ஓடிவந்து எட்டிப் பார்த்தான். "யப்பா! சூப்பரு பானு! அப்டியே பறக்கற மாரியே கீது பாரு!" என்று பச்சையப்பனைக் கூப்பிட்டுக் காட்டினான். பானுவுக்கு அந்தக் கேமராவைத் தூக்கி அங்கேயே தரையில் அடிக்கலாமா என்று இருந்தது.

நிஷா அணி ஜெயித்தது. கூட்டம் கலைவதற்குள் பழைய கேமராவில் எடுத்த படங்களில் நல்லதைப் பொறுக்கி ராகவனுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. 'படங்கள் அருமை. ஆனா எல்லாரும் பேசறது அந்தத் தாண்டல் பத்தித்தான். அது உங்ககிட்ட இல்லையா? கூட்டத்துல யாரோ போன்ல எடுத்த வீடியோவிலிருந்து ஒரு படம் கிடைச்சுது, அதையே போடறோம். சீசனுக்கு வேற ஒருத்தரை முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த முறை பார்க்கலாம் மேடம்.'

அவள் போனை அப்படியே கோபியிடம் நீட்டினாள். அவன் படித்தான். இரண்டாவது முறையும் படித்தான்.

"அப்போ அந்தப் படம்? பறக்கற மாரி..."

"அது படமே இல்ல மாமா. அது கலங்கிப் போனது. நீ வாங்கின கேமரா ஓடறவங்கள எடுக்காது. நான் லென்ஸ் கேட்டேன். அன்னிக்கே திருப்பிக் குடுக்கப் போனேன், சந்தனம் வெச்சிட்டீங்கன்னு வாங்கல. கைல இருந்த பழசுல அந்தத் தாண்டல் விழுந்திருக்கும். நீ கத்தின, நான் மாத்தினேன். போச்சு. எல்லாம் போச்சு!" சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதாள்.

கோபி போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு கோபமில்லாமல், உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

"நான் கத்தினா இன்னா பானு? எனக்குக் கேமரா பத்தி இன்னா தெரியும்? தெரிஞ்சவ நீ. தெனம் தெனம் கேட்டேனே, நல்லா கீது நல்லா கீதுன்னியே. 'யோவ், வாய மூடிகினு நில்லு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நின்னுருப்பேனே."

லென்ஸ் கேட்டதையும் அவன் தலையாட்டியதையும் இழுத்துப் போடலாம், அது அவன் தப்பு. ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் கேமராவை மாற்றியது அவள் கை. இந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் சொன்ன ஒரே சரியான பேச்சை இப்போதா சொல்ல வேண்டும்? பழைய கேமராவை எடுத்து அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அவன் மேல் இருந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த ஆத்திரம் அதிகமாக இருந்தது.