ஆறடித் தொட்டியில் இடமில்லை

மன்னார்குடி கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அஹமது கபீரின் வண்ணமீன் கடை இருந்தது. யார் உள்ளே வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"தொட்டி என்ன அளவுங்க?"

மீனைக் காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அளவு தெரியாமல் வந்தவர்களை, வீட்டுக்குப் போய் நூல் பிடித்துப் பார்த்து வரச் சொல்வார். பாதிப் பேர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தபோது, கூடத்துச் சுவர் அகலத்துக்கு நின்ற மீன்தொட்டி அவர் பொறுப்பில் விடப்பட்டது. அளவு பார்ப்பதும் அங்கே கற்றுக்கொண்டதுதான். ஈராக் சண்டை வந்து ஒற்றைப் பையோடு ஊருக்கு வந்து சேர்ந்தபோது, மளிகை வை, துணிக்கடை வை என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர் மீன் என்றார். மனைவி கமருன்னிஸாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"மீனுன்னா கூறு போட்டு விப்பாங்க. நீங்க கண்ணாடிக்குள்ள விட்டு வேடிக்கை காட்டப் போறீங்களா?"

"ஆமா."

"அதையும் காசு குடுத்து வாங்குவாங்களா?"

"குளம் நெறைய மீன் கெடக்குற ஊருதான். ஆனா மீனோட மூஞ்ச யாரும் பாத்ததில்ல."

சென்னை கொளத்தூரிலிருந்து, காற்றடைத்த பைகளில் மீன்கள் பேருந்தில் வந்து இறங்கின. கபீர் தன் சட்டங்களை வகுத்துக்கொண்டார். ஓரடித் தொட்டி என்றால் கப்பி மட்டும். இரண்டடியென்றால் மோலி, பிளாட்டி. ஜீப்ரா மீன் உருவத்தில் சின்னது. ஆனால் ஓடுகிற மீன், அதற்கு நீளம் வேண்டும். ஏஞ்சலுக்கு உயரம் வேண்டும், இல்லையென்றால் துடுப்பு வளைந்து போகும். தங்கமீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கேட்டு வந்தவர்களிடம், "அது திங்கிறதுக்கும் கழியறதுக்கும் அண்டா பத்தாது, நீங்க கிண்ணத்துல கேக்குறீங்க" என்று சொல்லி, ஒற்றை ஃபைட்டர் மீனைக் கையில் கொடுத்தனுப்பினார். ஆஸ்கார் கேட்டால் நாலடிக்குக் குறைந்து பேச்சே கிடையாது.

தேர்தல் முடிந்த கையோடு வட்டச் செயலாளர் வைரக்கண்ணு வந்தார். ஆட்சி மாறியிருந்தது, மனிதர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"கட்சி ஆபீசுக்குத் தொட்டி வாங்கியாச்சு பாய். மீனு கறுப்பும் செவப்பும்தான் இருக்கணும்."

"என்ன அளவு?"

"ரெண்டடி."

"கறுப்பு மோலி, செவப்பு ஸ்வார்ட்டெயில். ரெண்டும் சண்டை போடாது."

"வெள்ளை ஒண்ணுகூடக் கலந்துறக்கூடாது. கலந்தா அந்தக் கட்சியாயிடும்."

"இப்ப கலக்காம தர்றேன். குட்டி போட்டா என்ன நிறத்துல வரும்னு என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க."

வைரக்கண்ணு சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். ஊரில் கபீரின் பெயர் நிலைத்தது அப்படித்தான்.

இப்படிச் சட்டம் பேசிய மனிதர் ஒரே ஒரு மீனில் சறுக்கினார்.

தொட்டி வாங்கியவர்கள் மூன்று மாதத்தில் சலித்துப் போனார்கள். கண்ணாடியில் பாசி படரும். கழுவ ஆளில்லை. தொட்டி மாடிக்குப் போகும், பிறகு அதில் வெங்காயம் கொட்டி வைப்பார்கள். இதைத் தடுக்க கபீர் சக்கர் மீனைக் கையில் எடுத்தார். விரல் நீளத்தில் கறுப்பாக, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியை உறிஞ்சும் மீன். எந்த அளவுத் தொட்டி வாங்கினாலும் கூட ஒன்று சேர்த்துக் கொடுத்தார். மக்களுக்குப் பிடித்துப்போனது. தொட்டி கழுவும் மீன் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அது முழங்கை நீளத்தையும் தாண்டி வளரும் என்று கபீருக்குத் தெரியும். குவைத் தொட்டியில் பார்த்திருக்கிறார். விற்கும்போது சொல்லவும் செய்தார். "பெருசானா கொண்டாங்க. நானே எடுத்துக்குறேன்."

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஆசியா ஒருநாள் கேட்டாள். "எல்லாரும் ஒரே நேரத்துல கொண்டாந்தா எங்க வைப்பீங்க அத்தா?"

"பின்னாடி ஆறடித் தொட்டி இருக்குல்ல."

நீளம், அகலம், உயரம் பெருக்கி அவள் லிட்டர் கணக்கைச் சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை.

கொண்டு வந்தார்கள். கொல்லைப்பக்கத்து அறையில் இருந்த ஆறடித் தொட்டி நிரம்பியது. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், ஆலங்கோட்டகத்து டீச்சர் சௌந்தரநாயகி பிளாஸ்டிக் வாளியில் ஒரு பெரிய சக்கரோடு பேருந்தில் வந்து இறங்கினார். தண்ணீர் தளும்பிப் புடவை நனைந்திருந்தது.

"இப்ப எடமில்லைங்க டீச்சர்" என்றார் கபீர். "ஒரு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கேனே பாய்."

"இருக்குறதே ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குது."

டீச்சர் வாளியோடு அடுத்த பேருந்துக்கு நின்றார். சில மாதம் கழித்து மீன் தீவனம் வாங்க வந்தபோது அவரே சந்தோஷமாகச் சொன்னார். "எங்க ஊர்க் கொளத்துல விட்டுட்டேன் பாய். பாவம், அதுவும் நல்லாருக்கட்டும். எங்க தெருவுல இன்னும் நாலு வீட்டுலயும் அப்படியே விட்டாங்க. புண்ணியம்தானே."

கபீர் தீவனத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

ஆலங்கோட்டகத்துக் குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் மீன்பாசிக் குத்தகை உத்திராபதியிடம் இருந்தது. கபீரின் தொட்டிகளுக்கு வாராவாரம் வேலம்பாசி என்னும் நீர்ச்செடி கொண்டு வருகிறவர் அவர்தான். கூடையை இறக்கிவிட்டு டீ குடிக்காமல் போக மாட்டார். அவருடைய அப்பா காலத்திலிருந்து மிராசுதார் நிலத்தில் குத்தகைச் சாகுபடி. குத்தகைதாரர் பதிவு என்று அரசாங்கம் சொன்னபோது, மிராசுதாரின் காரியக்காரர் செல்லத்துரை, "நமக்குள்ள என்னத்துக்குப் பதிவு" என்று சிரித்துப் பேசி அதைத் தள்ளிப்போட்டார். மிராசுதார் செத்தார். மகன்கள் நிலத்தை விற்கக் கிளம்பினார்கள். வருவாய் கோர்ட்டில் வழக்கு இழுத்தது. நடவுக்கு வயலில் இறங்கக் கூடாது என்று தடை வந்த பிறகுதான் உத்திராபதி குளத்தை எடுத்தார். கட்லாவும் ரோகுவும் விட்டார்.

அந்தத் தை மாதம் சமரசப் பேச்சு கூடி வந்தது. பாதி நிலத்தை உத்திராபதி பேருக்கு எழுதிக் கொடுப்பது, மீதியை அவர் விட்டுவிடுவது. டெல்டாவில் பல ஊர்களில் அப்படித்தான் முடிந்தது. "பாதின்னா பாதி பாய். வரப்புல நின்னு இது என்னுதுன்னு சொன்னா போதும்" என்றார் உத்திராபதி, டீயை ஊதிக்கொண்டே.

அடுத்த வாரம் கூடைக்குப் பதில் ஈரச் சாக்கோடு வந்தார். சாக்கைக் கடைத் தரையில் உதறினார். முழங்கை நீளத்தில் ஒரு மீன் விழுந்தது. முதுகெல்லாம் முள்.

"இது என்ன சாதி மீனு பாய்? மொதலைக்கும் கெளுத்திக்கும் பொறந்தாப்புல இருக்கு. வலைய நார்நாராக் கிழிச்சிருச்சு. கரையில பொந்து பொந்தா வெட்டி வச்சிருக்கு. என் குஞ்சுக்கெல்லாம் எரை இல்ல."

கடையில் ஒரு புதுக் குடும்பம் தொட்டி பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்துத் தொட்டியின் கண்ணாடியில் விரல் நீளச் சக்கர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கபீர் தன்னையறியாமல் நகர்ந்து அதை மறைத்து நின்றார்.

"மேட்டூர் தண்ணியோட வந்திருக்கும்" என்றார்.

"எங்க கொளத்துக்கு வாய்க்கா தண்ணி எங்க பாய் வருது? காவேரியிலதான் கர்நாடகக்காரன் விடலையே. ரெண்டு வருசமா மழத்தண்ணிதான்."

கபீர் கண்ணாடியோடு இன்னும் ஒட்டி நின்றார்.

"அப்ப எவனோ கொண்டாந்து விட்டுருக்கான்." உத்திராபதி மீனைத் திரும்பச் சாக்கில் போட்டுக் கட்டினார். "எவன்னு எனக்குத் தெரியும், அந்தக் காரியக்காரன்தான். கொளமும் போயிட்டா பாதியும் வேணாம்னு நான் கையெழுத்துப் போட்டுட்டு ஓடிருவேன்னு நெனைக்கிறான்."

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அது என் கடை மீன். நாளைக்கு ஆலங்கோட்டகம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், ஆள் எதிரில் வேண்டாம் என்று கபீர் நினைத்தார். புதுக் குடும்பத்தைப் பார்த்து, "தொட்டி என்ன அளவு சொன்னீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் கொளத்தூர் சரக்கு வந்தது. அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வெளியே வரும்போது செய்தி வந்துவிட்டது. சமரசத்துக்கு ஊர் கூடிய இடத்தில், எல்லார் முன்னாலும் உத்திராபதி செல்லத்துரையின் சட்டையைப் பிடித்துவிட்டார். கிழிந்த வலையை அவர் முகத்தில் எறிந்திருக்கிறார். மிராசுதாரின் மூத்த மகன் எழுந்து காரில் ஏறிப் போய்விட்டான். போலீசில் புகார். சமரசம் இல்லை, கோர்ட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவனுடைய வக்கீல் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலையே கபீர் ஆலங்கோட்டகம் போனார். உத்திராபதி குளத்தங்கரையில் பொந்துகளுக்கு மண் அடைத்துக்கொண்டிருந்தார். கபீர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் வாளியைத் தூக்கி வந்தது, இடமில்லை என்றது, குளத்தில் விட்டது தெரிந்தும் சும்மா இருந்தது.

உத்திராபதி மண்வெட்டியை நிறுத்தவில்லை. கடைசிப் பொந்தை அடைத்து மிதித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"மீனு போனாப் போவுது பாய். அன்னைக்கு நான் கேட்டேன்ல."

அவ்வளவுதான். கூடை வேலம்பாசி அதன் பிறகு வரவில்லை. வழக்கில் உத்திராபதி தோற்றார். நிலம் மனைக்கட்டாகி, கல் நட்டு, ஏதோ ஒரு 'நகர்' என்று பெயர்ப்பலகை எழுந்தது.

கபீர் சக்கர் விற்பதை நிறுத்தினார். கேட்டவர்களிடம், "நானே வந்து கழுவித் தர்றேன்" என்றார். மொபெட்டில் வாளியும் ரப்பர் குழாயும் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

"மீன்கடைக்காரர்னு பேரு. பாத்திரம் கழுவுற வேலை" என்றாள் கமருன்னிஸா.

"அதையே மொதல்ல செஞ்சிருக்கணும்" என்றார்.

ஒவ்வொரு வீட்டிலும் வளர்ந்த சக்கர் இருந்தால் கேட்டு வாங்கி வந்தார். ஆறடித் தொட்டிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு பெரிய தொட்டி கட்டினார். அளவை ஆசியாவிடம் கேட்டுத்தான் கட்டினார்; அவள் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் சுத்திகரிப்பு.

கோடையில் குளத்தை இறைத்து மீன் பிடிக்கும் நாளில் கபீர் ஆலங்கோட்டகம் போவார். யாரும் கூப்பிட மாட்டார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஓரப் பொந்துகளில் கைவிட்டுச் சக்கர்களை இழுத்துக் கூடையில் போடுவார். முள் கிழித்துக் கைகளில் ரத்தம் வரும். உத்திராபதி அந்தப் பக்கம் கட்லா பிடித்துக்கொண்டிருப்பார். இறங்காதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. வருடா வருடம் அப்படியே நடந்தது. பொந்துகளும் வருடா வருடம் இருந்தன.

சர்க்கரை நோயில் கால் மரத்துப்போன பிறகும் கபீர் போனார். கடைசியாகப் போன கோடையில், கரைச் சரிவில் இறங்கும்போது தடுமாறினார். எதிர்க்கரையிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பக்கம் ஆழம். இப்படி வாங்க."

பெயர் சொல்லவில்லை, பாய் என்றுகூடச் சொல்லவில்லை. கபீர் அந்தப் பக்கம் போய் இறங்கினார். வீட்டுக்கு வந்ததும் கமருன்னிஸாவிடம் அதைத்தான் முதலில் சொன்னார். சாப்பிடும்போது இன்னொரு தடவை சொன்னார்.

ஐப்பசி மழையில் அவர் இறந்தார். கடையில் மிச்சமிருந்த மீன்களை, தொட்டி அளவு கேட்டுக் கேட்டு ஆசியாதான் கொடுத்து முடித்தாள். சிமெண்டுத் தொட்டியில் இருந்தவற்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

சித்திரையில் ஆலங்கோட்டகத்துக் குளத்தை இறைத்தார்கள். பொந்துகள் இருந்தன. ஆசியா அத்தாவின் கூடையை எடுத்துக்கொண்டு போய், சரிவில் நின்றாள். உத்திராபதி எதிர்க்கரையிலிருந்து அவளையும் கூடையையும் பார்த்தார். பிறகு ஆழமில்லாத பக்கத்தைக் கை காட்டினார்.