எக்ஸ்டெண்ட் பண்ணட்டுங்களா?

டெலிபோன் ஆபரேட்டரைக் கேட்காமல் யாரும் யாரோடும் பேச முடியாத காலம் ஒன்று இருந்தது. அதனாலேயே எங்களிடம் கேட்காத கேள்வி கிடையாது. எண்பதுகளில், தருமபுரிக்கு மேற்கே ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். நீங்களும் அப்படி உட்கார்ந்தவராக இருக்கலாம், அல்லது வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டு எங்களைத் திட்டியவராக இருக்கலாம். இரண்டு அவஸ்தையும் ஒன்றுதான்.

இருங்க

எங்கள் வாயில் அதிகம் வந்த வார்த்தை இது. எதிர்முனைப் பார்ட்டி கிடைக்கவில்லை, இருங்க. லைன் பிஸி, இருங்க. மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் சேலத்துக்குக் கால் போட்டுவிட்டு எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே காத்திருந்தார். காலையில் சொன்னதையே மத்தியானமும் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இருக்கறேங்க. என்னை இருங்கன்னு சொல்ற ஆளு இப்ப நீங்க ஒருத்தர்தான்."

குறுக்கே வந்தவர்கள்

காற்று அடித்தால் ஏரியூர் ரோட்டு டெலிபோன் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். ரோட்டோரத்துக் கடலை மண்டிக்காரர் சின்னசாமி, தருமபுரியில் தகரப்பெட்டி செய்து விற்கும் பாயோடு தினமும் பேசுவார். அந்தப் பேச்சு ஏரியூர் பப்ளிக் போனிலும் கேட்கும்.

கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? "பாய், கொழந்தைக்கு ரெண்டு நாளா இருமல்" என்று யாரோ ஒரு அம்மா நடுவில் புகுந்து சொல்வார். "டாக்டர்கிட்ட போம்மா, நான் பொட்டி செய்யறவன்" என்று பாய் பதில் சொல்வார். அப்புறம் கால் மணி நேரம் விசாரிப்பார். புகார் எழுதி லைன்மேன் முனிரத்தினத்தை அனுப்பப்போகிறேன் என்றதும் பாய்க்கு முகம் வாடியது குரலிலேயே தெரிந்தது. "ரிப்பேர் பண்ணிப்புட்டா நாங்க யாரு எவருன்னு தெரியாதவங்ககிட்ட எப்படிம்மா பேசறது?"

நீலச் சேலை

முனிரத்தினம் கம்பம் ஏறிய அன்று, பகல் பதினோரு மணி வாக்கில், ஏரியூர் பப்ளிக் போனிலிருந்து ஒரு பெண் தருமபுரியில் ஒரு கடைக்குக் கால் கேட்டாள். கடைக்கு எதிர் வீட்டில் இருக்கும் அவள் அக்காவைக் கூப்பிடக் கடையிலிருந்து ஆள் போனது. அதுவரை அங்கே ரிசீவர் மேஜைமேல் கிடந்தது. வழக்கம்போல் பாயும் சின்னசாமியும் பேசுவது குறுக்கே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அவர்களிடம் கேட்டாள்: "ஏங்க, ஒருத்தி இல்லாமப் போயிட்டா யாருக்காச்சும் தெரியுங்களா?"

பாய் பேச்சை நிறுத்தினார். "சாகறதைப் பத்திக் கேக்கறியாம்மா?" என்று நேராகவே கேட்டார். "ஆமாங்க" என்றாள். வூட்டில் மாசக்கணக்காக யாரும் தன்னோடு பேசுவதில்லை, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றிருப்பதாகச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முனிரத்தினம் அந்தக் கம்பிகளைத்தான் பிரிக்கப் போயிருந்தார். பிரித்தால் அவளுக்கு யார் குரலும் கேட்காது. லைன்மேன் கையோடு கொண்டுபோகும் டெஸ்ட் போனைக் கம்பியில் மாட்டியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு, "முனிரத்தினம், கை வெக்காதீங்க" என்றேன்.

"வெக்கலைங்க. நானும் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றது கம்பத்து உச்சி.

சின்னசாமி பதறிவிட்டார். "ஏம்மா, இப்ப நீ போனை வெச்சா எனக்கு இப்பவே தெரியும். எனக்குத் தெரியாமப் போகுமா?" என்றார். பாய் அவரை அதட்டினார். "நீ சும்மா இருய்யா, அது பேசட்டும்." இருவரும் அவளை விட்டுவிட்டுச் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். நடுவில் முனிரத்தினத்தின் குரல் வந்தது. "ஏம்மா, நீலச் சேலை நீங்கதானே? தூணுல சாஞ்சு நிக்கறீங்க. எனக்கு மேலருந்து தெரியுது. அண்ணாந்து பாருங்க."

அவள் பார்த்தாள் போலிருக்கிறது. முதல்முறையாக அழுதாள். ட்ரங்க் காலுக்கு மூன்று நிமிஷக் கணக்கு; அந்த நேரம் பார்த்து என் பக்கத்துக் கடிகாரம் மணி அடித்தது. வருஷக்கணக்கான பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுங்களா?"

"அறிவிருக்காம்மா உனக்கு?" என்று பாயும் சின்னசாமியும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னாள்: "பண்ணுங்க."

லைன் செக்

தருமபுரிப் பக்கம் அக்கா வந்து ரிசீவரை எடுக்கும்வரை பாய் அவளை விடவில்லை. முனிரத்தினம் இறங்கிப் போய், பஸ்ஸில் அக்கா வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா அவளைத் தன்னோடு கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டினாள். ஒரு நாளில் சரியாகிற விஷயமா அது? பல நாள் ஆனது.

அதன்பின் எப்போதாவது தருமபுரியிலிருந்து எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கால் வரும். அவள் குரல் என்று தெரிந்தும், என்ன நம்பர் வேண்டும் என்று கேட்பேன். "நம்பர் ஒண்ணும் வேணாங்க. இருக்கீங்களான்னு பாத்தேன். நானும் இருக்கேன்."

பேசுகிறவர்களை ஒருவர்மேல் ஒருவர் விழாமல் பிரித்து வைப்பதுதான் எங்கள் வேலை என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வேலையை ஒரு பகல் நேரம் செய்யாமல் விட்டதற்கு எனக்கும் முனிரத்தினத்துக்கும் இன்றுவரை விளக்கம் கேட்டு மெமோ வரவில்லை.