கஸ்தூரியின் மூன்று குஞ்சுகள்

கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. களக், களக் என்று, நெஞ்சுக்குள் ஏதோ புகுந்து மூச்சுக்குத் தவிக்கிற சின்ன உயிரின் சத்தம். சமையலறையில் தினைக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்த கஸ்தூரியின் கை அப்படியே நின்றது. ஒன்பது வருஷமாக அவள் காதுக்குள் குடியிருந்த சத்தம் அது. கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கூடத்தில் அவள் நாத்தனார் ராஜம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் லவ் பேர்ட்ஸ் குஞ்சு ஒன்று மல்லாந்து கிடந்தது. வலது கையில் கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை. அறை முழுக்க வசம்பும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை.

"இன்னா அண்ணி பண்றீங்க?"

"கத்தாதடி. மாந்தம் கட்டிக்கினு இருக்கு பாரு, கழுத்தாண்ட எப்டி வீங்கிப் போயிருக்கு! உரைமருந்து ரெண்டு சொட்டு ஊத்தினேன். இரு, இன்னும் ரெண்டுத்துக்கும் ஊத்திடறேன்."

அது வீக்கமில்லை. குஞ்சின் தொண்டைப் பை. காலையில் கஸ்தூரி ஊட்டிய கஞ்சிதான் மெல்லிய தோலுக்குள் மொச்சைக்கொட்டை அளவுக்கு உப்பித் தெரிந்தது. கஸ்தூரி குஞ்சைப் பிடுங்கி, தலைகீழாகச் சாய்த்து, முந்தானையால் அலகைத் துடைத்தாள். எண்ணெய் வழிந்தது. குஞ்சு இரண்டு முறை வாயைத் திறந்தது. மூன்றாவது முறை திறக்கவில்லை.

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளைக் கூட்டிப் பெருக்குவதும், அவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் கஸ்தூரியின் வேலை. எண்பத்தொன்றில் தன் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரம்மா, பறவைகளை விமானத்தில் கொண்டுபோக முடியாதென்று, பச்சையும் நீலமுமாக ஒரு ஜோடியைக் கூண்டோடு அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தினையும் தண்ணீரும் வைத்தால் போதும் என்றுதான் கஸ்தூரி நினைத்திருந்தாள். அடுத்த வருஷம், கூண்டுக்குள் கட்டிய மண்கலயத்தில் முட்டைகள் பொரிந்தன. அவை வளர்ந்து பெரிதாகி, கேட்டவர் வீட்டுக்குப் போயின.

இந்த ஐப்பசியில் பொரிந்தவை மூன்று. பன்னிரண்டாம் நாள் பூனை கம்பிக்குள் கைவிட்டுத் தாய்ப்பறவையைக் கிழித்துப் போட்டது. பயந்துபோன ஆண் பறவை கலயத்தின் பக்கமே திரும்பவில்லை.

"விடு, அதுங்க பொழைக்காது" என்றார் கணவர் சகாதேவன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறவர். யாரிடமும் உரக்கப் பேசத் தெரியாதவர்.

கஸ்தூரி விடவில்லை. செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, மேலே பல்பு ஒன்றைத் தொங்கவிட்டுச் சூடு கொடுத்தாள். தினையை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிக் கஞ்சி காய்ச்சினாள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு துளியை அதில் கரைத்தாள். பேனாவுக்கு இங்க் ஊற்றும் ஃபில்லரை வெந்நீரில் கழுவி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அலகின் ஓரத்தில் வைத்து, குஞ்சு தானாக விழுங்கினால் மட்டும் அடுத்த சொட்டு. ஆறிப்போன கஞ்சியை ஊட்டி, பை கல்லாகி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு விரலால் நீவி ஒரு குஞ்சைப் பிழைக்கவைத்த நாளில்தான் அவளுக்குப் பாடம் வந்தது. பை காலியாகாமல் அடுத்த வேளை கிடையாது. வேலைக்குப் போகும்போது பெட்டியும் கூடவே போயிற்று. மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பாத்திரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்து ஊட்டுகிறவளைப் பார்த்து அறைக்காரர்கள் சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற ஒரே பெண்ணை முப்பத்தெட்டு நாளில் மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். படுத்துக்கொண்டே பால் கொடுத்து, தூங்கிப்போய்க் குழந்தையைக் கொன்றுவிட்டாள் என்று சொந்தமெல்லாம் சொன்னது. அவளும் நம்பினாள். ஒன்பது வருஷம் நம்பினாள்.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் எந்த வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்து நிறைவது வழக்கம். கீழ்பென்னாத்தூரிலிருந்து ராஜம்மாள் கொடியேற்றத்தன்றே வந்துவிடுவாள். தீபம் பார்க்காமல் அவளை யாரும் அனுப்பியதில்லை. அப்படி அனுப்புகிற வீட்டை ஊர் மன்னிப்பதும் இல்லை. தீபத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"போனா போவுது, ஒரு குருவிதானே" என்று ராஜம்மாள் பாலாடையை மறுபடி எண்ணெயில் தோய்த்தாள். "அந்த நீலத்தைக் குடு."

கஸ்தூரி பாலாடையைத் தட்டிவிட்டாள். அது கதவில் மோதித் தெறித்தது. சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்துவந்த சகாதேவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடி திமிரு இது! நானு மூணு பெத்து வளத்தவ. உன் கை ராசி எனக்குத் தெரியாதா? பெத்ததையே காப்பாத்தத் துப்பில்ல, குருவி வளக்க வந்துட்டா!"

கஸ்தூரி உயிர் போன குஞ்சை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

"அன்னிக்கும் இதே சத்தம்தான் அண்ணி. கொல்லையில துணி தொவச்சிக்கினு இருந்தேன். ஈரக் கையோட ஓடியாந்தேன். எம்பொண்ணு உங்க மடியில. உங்க கையில பாலாடை. இன்னா ஆச்சுன்னு கேட்டேன். விக்கல்னீங்க."

"விக்கல்தான்."

"ரெண்டு நாள் மூச்சு வாங்கிச்சே, கொதிக்கக் கொதிக்க ஜொரம் அடிச்சுதே, அதுவும் விக்கலா? எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிருக்கு. இப்ப எங்கண்ணு முன்னாடி இது போச்சே, இப்டிதான் போச்சு அவளும்!"

ராஜம்மாளின் முகம் வெளுத்தது. "எங்கம்மா எனக்குக் குடுத்தா. நான் எம்புள்ளைங்களுக்குக் குடுத்தேன். வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செய்யலை. அது எனக்குத் தெரியும்." கஸ்தூரி ஒரு அடி முன்னால் வந்தாள். "ஆனா பழியைத் தூக்கி எம்மேல போட்டீங்களே, அதை வேணும்னுதான் போட்டீங்க. துக்கம் கேக்க வந்த எடத்துல, அத்தனை பொம்பளைங்களுக்கு நடுவுல, தூங்கிக்கினே பால் குடுத்துட்டான்னு சொன்னீங்க. நான் ஒண்டியா மொவத்த மூடிக்கினு அழுதேன். ஒருத்தி சீமந்தத்துக்குக் கூப்புடல என்னை. ஒருத்தி கைக்குழந்தையை எங்கிட்ட குடுக்கல. ஒம்போது வருஷம்!"

ராஜம்மாள் தம்பியைப் பார்த்தாள். "சகாதேவா, பாத்தியாடா உம் பொண்டாட்டி பேசற பேச்சை?"

சகாதேவன் படியைத் தாண்டி உள்ளே வந்தார். "அக்கா, நீ அன்னிக்கு விளக்கெண்ணெய் குடுத்தியா?"

ராஜம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"குடுத்தியா, இல்லையா?"

"ஒரே ஒரு பாலாடைதான்" என்றாள்.

சகாதேவன் மனைவியின் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷர். ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான். "கஸ்தூரி, தீபம் முடியட்டும். ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு சொன்னதைத்தான் இவ்ளோ நாளா கேட்டுக்கினு கெடந்தேனே, பத்தாதா? அவங்க இருந்தா இந்த ரெண்டையும் தூக்கிக்கினு நான் செங்கம் ரோட்டுக்குப் போறேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

சகாதேவன் முடிவு செய்ய அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் அக்காவின் துணிப்பையை எடுத்துவந்தார். அதைக் கொடுக்கும்போது அவர் கண்ணைத் தூக்கவில்லை. "வா அக்கா. பஸ் ஏத்தி விடறேன்."

பையை வாங்கி அணைத்துக்கொண்டு ராஜம்மாள் படி இறங்கினாள். தெருவில் தேர் பார்க்க வந்த கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. அவள் திரும்பி, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னிப்பாகவும் இருக்கலாம், சாபமாகவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆசை கஸ்தூரிக்கு இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.