தை மாதக் கப்பல்

விளம்பரத்தை முதலில் பார்த்தவள் நான்தான். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கப்பல், அதன் கீழே பம்பாய் விலாசம், ஒரு கார்டு எழுதிப் போட்டால் படப் புத்தகம் இலவசம் என்று ஒரு வரி. சித்தூரில் பத்தாவது முடித்துவிட்டு, வடகரப்பதித் தோட்டத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தவளுக்கு அது போதாதா? அப்பா பேரில் அன்றைக்கே கார்டு போட்டேன்.

புத்தகம் வந்தேவிட்டது. வழவழ காகிதத்தில் கலர் கலராகப் பனிமலை, பிரமிடு, ஒட்டகம். கூடவே ஒரு கடிதம், எப்போது பயணம் என்று கேட்டு. கேட்டவனுக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதையா? தை மாதம் என்று எழுதினேன். எத்தனை பேர் என்றான். அப்பா, அம்மா, நான், மூன்று பேர் என்று எழுதினேன். புளுகுவது என்று வந்துவிட்டால் அரைகுறையாகப் புளுக எனக்குப் பிடிக்காது. அவனும் சளைக்கவில்லை. மாதம் தவறாமல் தடித் தடி உறையாக அனுப்பினான். தபால்காரர் வந்தாலே அப்பா, "மகாராணிக்குக் கடுதாசி வந்திருக்குது" என்று கிண்டல் செய்வார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வருஷம் எங்கள் கிணறு குடம் மூழ்கும் அளவுக்குக்கூட நிற்கவில்லை. தண்ணீர் ஊறட்டும் என்று காத்திருக்கும் மத்தியானங்களில் இரண்டு பேரும் உட்கார்ந்து கடலைக்காய் உரிப்போம். நான் புத்தகத்தைப் படித்துச் சொல்வேன். இன்றைக்கு ஜப்பான் போகலாமா, எகிப்து போகலாமா என்பேன். அந்தப் பனியில் மாடு எதை மேயும், கப்பலில் சோறு போடுவார்களா என்றெல்லாம் அம்மா விசாரிப்பாள். ஒருநாள், நாம் போய்விட்டால் எருமை இரண்டையும் யார் கறப்பது என்றாள். மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நான் கதையை இன்னும் வளர்த்தேன். எல்லாப் படத்தையும் புரட்டிவிட்டுக் கடைசியில் ஒரே படத்துக்குத்தான் திரும்புவாள். கப்பலின் மேல்தட்டில் ஒரு வெள்ளைக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், சுற்றிலும் கடல்.

ஆவணியில் எனக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து மாப்பிள்ளை அமைந்தார். கல்யாணம் வைகாசியில் என்று பேச்சு. இரண்டு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டால் எங்கள் ஜனத்தில் உறுதியான மாதிரி. அதற்காக அவர்கள் வந்து உட்கார்ந்து, தட்டங்களும் வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, தோட்டத்தக் குடுத்துப்போட்டுத் தையில கப்பலேறப் போறீங்களாமா?"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மொழிவாரியாக மாநிலத்தைப் பிரிக்கப்போகிறார்கள், நம் ஊர் எந்தப் பக்கம் போகுமோ என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டிருந்த காலம். சத்தமில்லாமல் நிலத்தை விற்றுவிட்டு நகர்ந்தவர்களும் இருந்தார்கள். பிறந்த வீடே ஊரில் இல்லாத பெண்ணை யார் எடுப்பார்கள்?

ஒன்றுமே இல்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தார். தாய்மாமன் கேட்பதாயில்லை. மாதா மாதம் பம்பாயிலிருந்து தபால் வருவதை ஊரே பார்க்கிறது, காசு கட்டாதவனுக்கு இவ்வளவு நல்ல காகிதத்தை எந்தக் கம்பெனிக்காரன் சும்மா அனுப்புவான் என்றார். என் கல்யாணம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது கண்ணுக்குத் தெரிந்தது. வெட்கமாவது ஒன்றாவது என்று புத்தகங்களை வாரிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் போட்டேன்.

"நாந்தானுங்க எழுதினேன். சும்மா வெளையாட்டுக்குங்க. ஆரும் எங்கயும் போகலீங்க."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது. தாய்மாமன் மட்டும் விடவில்லை. அப்படியானால் எருமை இரண்டையும் தையில் வந்து ஓட்டிக்கொண்டு போகும்படி என் மாமாவிடம் சொன்னது யார் என்றார். சந்தையில் மாமாவே அவரிடம் இதைச் சொன்னாராம்.

அப்பா என்னை முறைத்தார். சத்தியமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாந்தானுங்க சொன்னேன்" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. நாலு பேர் நடுவில் அம்மா வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. வந்தவர்களை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள். "அப்ப நாம போகலியா கண்ணு?"

அச்சடித்த தாளில் எங்கள் விலாசம் போட்டுக் கம்பெனிக்காரன் எழுதுகிறான், படித்த மகள் வாசித்துச் சொல்கிறாள், அம்மா ஏன் நம்பமாட்டாள்? அட கடவுளே, பக்கத்திலேயே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவில்லையே! மாப்பிள்ளையின் அம்மாதான் எழுந்து போய்ச் சர்க்கரைத் தட்டத்தை அம்மா கையில் கொடுத்தார். தாய்மாமனும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உறுதி ஆயிற்று.

அவர்கள் போனதும், அப்பாவிடம் இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் போகிறேன் என்று நின்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவிடம் போய், எந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டாய் என்று கேட்டார். குரலில் துளி கிண்டல் இல்லை.

"ஊரெல்லாம் பாக்கோணும்னு இல்லீங்க" என்றாள் அம்மா. "அந்தப் பொம்பள நிக்கற எடத்துல நின்னா, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணியாத் தெரியுமாமா. அத ஒருக்காப் பாத்துப்போடலாம்னு இருந்தேனுங்க."

சொல்லிவிட்டு, கிணறு ஊறியிருக்கிறதா என்று பார்க்கக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.