மனுவில் தவறி விழுந்த ஒரு சொல்

என் தங்கையின் கணவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் புகழ்ச்சியாக நாலு பக்கம் எதிர்பார்ப்பீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு கோப்பு பார்த்தவன் நான். சான்று உள்ளதைச் சான்று உள்ளது என்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும்தான் எனக்கு எழுத வரும்.

மாப்பிள்ளை பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவில், மீனவர் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து அக்காவிடம் வளர்ந்தார். சான்று உண்டு. முடிதிருத்தும் கடையில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் ஆடியதைப் பார்த்துச் சதுரங்கம் கற்றார். இது அவர் சொன்னது. இருபத்து நான்கு வயதில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றுத் தம் நாட்டு அணியில் ஆடினார். இதற்கும் சான்று உண்டு. அதை நான் பார்க்க நேர்ந்த விதத்தைப் பின்னால் சொல்கிறேன். பட்டம் சோறு போடவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரச் சிங்கப்பூர் போனார். என் தங்கை அங்கே செவிலியராக இருந்தாள்.

திருமணச் செய்தி தொலைபேசியில்தான் வந்தது.

"மாஸ்டர்ணா அவரு."

"இன்னா மாஸ்டர்? டீ மாஸ்டரா, பரோட்டா மாஸ்டரா?"

"செஸ் மாஸ்டர்."

"அதெல்லாம் ஒரு வேலையா?"

"நீ ஆபீஸ்ல பண்றத விட அதிகமா யோசிக்கிற வேலை."

பரோட்டா மாஸ்டர் என்றே உறவினர் பலர் நெடுநாள் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. அதற்காவது கண்ணால் பார்த்த உதாரணம் இருந்தது.

தங்கை ஓய்வு பெற்றதும் இருவரும் செஞ்சிக்கு வந்து என் வீட்டு மாடியில் குடியேறினார்கள். மாப்பிள்ளை பேருந்துப் பலகைகளைப் பார்த்துத் தமிழ் எழுத்து கற்றார். அமாவாசைச் சிறப்புப் பேருந்தில் 'மேல்மலையனூர்' என்று எழுத்துக்கூட்டியதுதான் முதல் வாசிப்பு. இவ்வளவு நீளமான சொல்லைப் படிக்கக் கற்ற வெளிநாட்டுக்காரர் சும்மா இருப்பாரா என்று எனக்கு அப்போதே தோன்றியது. அவர் என்னை மச்சான் என்றார். நான் அவரை சார் என்றேன். முறை சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு என் விசாரணை முடிந்திருக்கவில்லை.

ஞாயிறுதோறும் என்னோடு ஒரு ஆட்டம் ஆடுவார். எல்லா ஆட்டமும் டிரா. குதிரை எப்படிப் போகும் என்பதையே சில நேரம் மறந்துவிடும் என்னிடம் ஒரு மாஸ்டர் எப்படி டிரா செய்வார்? எதிர்வீட்டு நயினாரிடம் கேட்டேன். அவர் சமணர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டியவர். அதனால் மாலை ஐந்துக்குள் முடியுமாறு மாப்பிள்ளையோடு ஆடுவார்.

"என்னை அரை மணியில ஊதித் தள்ளிடறாருங்க. உங்ககிட்ட மட்டும் டிராவா? நீங்க பெரிய ஆளுதான்."

இருவரும் கூட்டு என்று முடிவு செய்தேன்.

தினமும் காலையில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரப் படிகளில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதுவார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். எழுத்தும் எண்ணும் கலந்த வரிகள், ஓரத்தில் கேள்விக்குறிகள், ஆச்சரியக்குறிகள். பழைய ஆட்டங்களை எழுதி ஆராய்கிறேன் என்றார். கோட்டைக்கு எதிரில் உட்கார்ந்தா?

அதன்பின் ஒரு மொட்டை மனு போயிற்று. மேற்படி நபரின் பட்டம் போலியாக இருக்கலாம், கோட்டையில் சங்கேத எழுத்தில் குறிப்பெடுக்கிறார், விசாரிக்க வேண்டும் என்று கணினியில் அடித்த ஒரு பக்கம். பெயரில்லாத மனுவைக் கண்டுகொள்ளத் தேவையில்லை என்பது விதி. வெளிநாட்டவர் விஷயமென்றால் எந்த அதிகாரியும் அதைக் கிழித்துப்போடத் துணிய மாட்டார் என்பது நடைமுறை.

விசாரணைக்கு வந்தவர் பதில் எழுதித் தருமாறு மனுவின் நகலை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாப்பிள்ளை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பட்டச் சான்றிதழை எடுத்து வந்தார். நான் அதை முதன்முதலில் பார்த்தது அன்றுதான். முத்திரை சரியாக இருந்தது. ஆனாலும் தங்கும் அனுமதி நீட்டிப்பு எட்டு மாதம் நின்றுபோனது. அந்த எட்டு மாதத்துக்குள் செபுவில் அவர் அக்கா இறந்தார். போனால் திரும்பி வர முடியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அடக்கத்தைக் கைப்பேசியில் பார்த்தார். சிக்னல் போய்ப் போய் வந்தது.

மனு எழுதியவர் நயினார்தான் என்று உறவில் பேச்சு எழுந்தது. ஆட்டத்தில் தோற்ற ஆத்திரம் என்றார்கள். அவர் காதுக்கு எட்டியது, வருவதை நிறுத்திவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை. அவரே எதிர்வீட்டுக்குப் போய் ஆடிவிட்டு வந்தார். ஞாயிறு டிராவும் நிற்கவில்லை.

கடைசி ஆறு நாள் மூச்சுத்திணறலில் கிடந்தார். அப்போதும் நான் அவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடவில்லை.

சென்ற மாதம் தங்கை அவர் நோட்டுகளை அடுக்கும்போது மனுவின் நகலோடு கீழே வந்தாள். வரிக்கு வரி ஓரத்தில் பென்சில் குறிகள். பட்டம் போலி என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. சங்கேத எழுத்துக்கு இரண்டு. நடுவில் ஒரு வரியில் மட்டும் இரண்டு ஆச்சரியக்குறிகள். அந்த வரி இது: 'காலை உணவுகூட உண்ணாமல் மாப்பிள்ளை மலைக்குச் சென்றுவிடுகிறார்.'

பக்கம் முழுவதும் 'மேற்படி நபர்' என்று கவனமாக அடித்தவன் அங்கே தவறியிருக்கிறேன்.

"ரெண்டு ஆச்சரியக்குறி போட்டா இன்னா அர்த்தம்?" என்றேன்.

"கேள்விக்குறி போட்டா தப்பான மூவ். இது ரொம்ப ரொம்ப நல்ல மூவ்னு அர்த்தம்." நகலை என் கையில் கொடுத்தாள். "இந்த ஊர்ல அவரை மாப்ளன்னு எழுத உன்ன விட்டா யார்ணா இருக்காங்க? நேர்ல ஒரு நாள் கூப்ட்டிருக்கலாம் இல்ல?"

போகும்போது படியில் நின்று இன்னொன்றும் சொன்னாள். "உன்ன ஜெயிக்கிறது அவருக்கு ஈசிண்ணா. டிரா பண்ணத்தான் கஷ்டம். ஞாயித்துக்கிழமை மேல வந்து முதுகு வலின்னு படுத்துப்பாரு."

மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், அடக்கத்துக்கு வந்த பங்குத்தந்தைக்கும், தூதரகத்துக்கான தாள்களை முடித்துத் தந்தவர்களுக்கும், பழியைச் சுமந்துகொண்டே இறுதி ஊர்வலத்தில் நடந்த எதிர்வீட்டு நயினாருக்கும் குடும்பத்தின் நன்றி. நயினார் மேல் ஒரு குற்றமும் இல்லை. பெயரில்லாமல் போன அந்த மனுவில் இடவேண்டிய கையொப்பத்தை, காலதாமதத்தை மன்னிக்குமாறு கோரி, இங்கே இடுகிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்,
மாப்பிள்ளையின் மச்சான்.